14 சோழி குறைந்த பெட்டி: ஒரு பாரம்பரிய விளையாட்டுத் தொகுப்பை ஆடிப் பார்த்த பிறகு

இந்தக் கோடை விடுமுறையின் முதல் வாரத்தில், இணையம் வழியாக விற்கும் நிறுவனம் ஒன்றிடமிருந்து ‘பாரம்பரிய விளையாட்டுப் பெட்டி’ என்று பெயரிட்ட தொகுப்பை, அனுப்பும் செலவு உட்பட 2,650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மடக்குப் பல்லாங்குழி ஒன்று, 70 சோழிகள், பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி, ஒருபுறம் தாயக் கட்டமும் மறுபுறம் ஆடுபுலிக் கட்டமும் அச்சிட்ட துணி, அதற்கான மரக்காய்கள், சாட்டையோடு இரண்டு பம்பரங்கள், 20 கோலிக்குண்டுகள், சிறிய ஓலைக்கூடையான கொட்டான் ஒன்றில் செப்புச் சாமான்கள் (மரத்தில் கடைந்த சின்னஞ்சிறு சமையல் பொம்மைகள்) ஆகியவை பெட்டியில் இருந்தன. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஏறத்தாழ இதே பொருள்கள் இதே போன்ற பெட்டியில் வேறு பல பெயர்களிலும் விற்பனைக்கு வருகின்றன. ஆகவே பொருளைப் பற்றிச் சொல்வதுதான் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். ஒரு மாதம் முழுவதும், பெரும்பாலும் மாலை வேளைகளில், நானும் ஐந்தாம் வகுப்பு முடித்த என் மகளும் இவற்றை ஆடியிருக்கிறோம்.

என் கணிப்புக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் 1980களில் கல்லிடைக்குறிச்சியில் வளர்ந்தவள் என்பதுதான் பதில். தாமிரபரணிக்கு அக்கரையில் இருக்கும் அம்பாசமுத்திரம் செப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகத்தில் மட்டும் இருந்த காலம் அது. மின்சாரம் போன மாலைகளில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு பெரியவர்களும் எங்களோடு உட்கார்ந்து ஆடுவார்கள். அந்தப் பழக்கத்தினால், இந்த மாதிரிச் சாமான்களைக் கையில் எடுத்ததும் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் கனத்தையும் விளிம்பையும் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு சட்டுவத்தையோ அரிவாள்மணையையோ வாங்கும்போது எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் இவற்றையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அலமாரியில் வைத்துப் படம் எடுப்பதற்காக வாங்குகிறவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. அதற்கு இந்தப் பெட்டி மிகவும் பொருத்தமானது.

முதலில் பல்லாங்குழி. படத்தில் பார்த்தபோது பலகை கருநிற மெருகோடு அருமையாக இருந்தது, நேரிலும் அப்படியே இருக்கிறது. குறை குழியில் இருக்கிறது. என் ஆச்சியின் கல்யாணத்துக்குச் சீராக வந்த பழைய பலகையில் ஒவ்வொரு குழியும் உள்ளங்கையைக் குவித்தாற்போல் சரிந்து இறங்கும். நாலு விரலை ஒரு பக்கத்தில் வைத்து இழுத்தால் உள்ளே இருக்கிற முத்து, அதாவது சோழியோ புளியங்கொட்டையோ, முழுவதும் தானாகவே கைக்குள் வந்துவிடும். இந்தப் பலகையின் குழிகளைத் துளைபோடும் இயந்திரத்தால் குடைந்திருக்கிறார்கள். அடிப்பகுதி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருப்பதால், அள்ளும்போது கடைசி இரண்டு சோழிகள் மூலையில் ஒதுங்கிக்கொள்கின்றன. அவற்றை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு சோழி சேர்ந்துவிட்டால் குழி நிரம்பி, பக்கத்துக் குழிக்குள் ஒன்று உருண்டு விழுகிறது. பல்லாங்குழியில் ஒரு சோழி இடம் மாறினால் ஆட்டமே மாறிப்போகும் என்பதை, ஆடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவருக்கு ஏழு குழியாக மொத்தம் 14 குழி. எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து முத்து. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். போட்டுக்கொண்டே போகையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்வார். இவ்வளவுதான் விதி. ஆனால் எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதை, முத்தைத் தொடாமல் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்துவிடுகிற திறமை என் அத்தைக்கு இருந்தது. அவள் ஒரு நிமிடம் சும்மா பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தால், எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எதிரே ஆள் இல்லாத மத்தியானங்களில், அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியதாகச் சொல்லும் சீதைப்பாண்டியை ஒருவரே ஆடிக்கொண்டிருப்பதும் உண்டு.

இப்போது சோழிக் கணக்குக்கு வருகிறேன். பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாள், குழிக்கு ஆறு வீதம் போட்டுத் தொடங்கச் சொல்கிறது. 14 குழிக்கு ஆறு என்றால் 84 வேண்டும். பெட்டியில் இருப்பவை 70. ஐந்து வைத்து ஆடினால் சரியாக இருக்கும். ஆனால் அப்போதும் ஒன்று தொலைந்தால் மாற்று கிடையாது. சோபாவுக்கு அடியில் இரண்டு உருண்டு போன மறுநாளே, சமையலறைப் புளிப் பானையைத் துழாவிப் புளியங்கொட்டை பொறுக்கி வந்து குறையை நிரப்பினோம். சோழியைவிட அதுதான் கைக்கு வாட்டமாக இருக்கிறது என்பது என் மகளின் அபிப்பிராயம். சோழியின் வாய்ப்புறத்துப் பற்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. புளியங்கொட்டை வழுக்கிக்கொண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குகிறது. சின்ன வயதில் எங்களுக்கும் சோழி என்பது விருந்தாளி வந்தால் எடுக்கிற சாமான்தான்.

விளக்கத்தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பெட்டியின் மிகப்பெரிய குறை அதுதான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதை ஏதோ ஒரு கருவியில் கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ‘காய்’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘துண்டு’ என்று இருக்கிறது. ‘உங்கள் துண்டை நகர்த்துங்கள்’ என்று படித்த என் மகள், குளியலறைத் துண்டையா என்று கேட்டாள். தாயத்தில் காய் இறங்குவது, வெட்டுவது, மலையில் நிற்பது, சுற்றி முடித்துப் பழம் எடுப்பது என்று ஒவ்வொரு செயலுக்கும் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லே பாதி விதியைச் சொல்லிக் கொடுத்துவிடும். மலையில் நிற்கிற காயை வெட்டக் கூடாது என்பதை எந்தக் குழந்தைக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டி வந்ததில்லை. ‘பாதுகாக்கப்பட்ட சதுரம்’ என்று எழுதியதை மூன்று முறை படித்தும் எனக்கே புரியவில்லை. பல்லாங்குழிப் பக்கத்தில் பசு என்ற சொல்லே காணோம். பாரம்பரியம் என்ற சொல் மட்டும் ஒரே பக்கத்தில் ஐந்து இடத்தில் வருகிறது.

தாயக்கட்டை இந்தப் பெட்டியின் மாணிக்கம். நன்றாகக் கனக்கும் வார்ப்புப் பித்தளை. நான்கு பட்டைகளும் ஒரே அகலம். விளிம்பை அரத்தால் ராவி மழுக்கியிருக்கிறார்கள், ஆனால் அளவுக்கு மீறி உருட்டிவிடவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து உருட்டினால் அந்தப் பழைய ‘கிணிங்’ என்ற சத்தம் வருகிறது. கட்டையை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சமதளமான கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தால், ஒரு பட்டை மட்டும் அகலமாக இருந்தால் அந்த முகம் அடிக்கடி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். இதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

ஒரு கட்டையில் வெற்று முகம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகங்கள். இரண்டு கட்டைக்கு 16 வகையாக விழலாம். அதில் ஒன்றும் வெறுமையும் சேர்ந்து தாயமாக விழுவது இரண்டே வகையில்தான். அதாவது சராசரியாக எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் இருப்பதற்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், சின்ன வயதில் நான் அழுததெல்லாம் என் ஜாதகக் கோளாறு அல்ல என்று தெரிந்தது. தாயம் விழாமல் காய் இறங்காது, இறங்காதவர் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டு கட்டையும் வெறுமை) ஆகிய நான்கில் எது விழுந்தாலும் மறுபடியும் உருட்டலாம் என்பதால், இறங்கிவிட்டவர் மேலும் மேலும் ஓடிக்கொண்டிருப்பார். அத்தை வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஐந்து விழுந்தாலும் இறங்கலாம் என்று சலுகை உண்டு. உட்காரும் திசையை மாற்றிக்கொண்டால் விழும் என்பது அம்மாவின் நம்பிக்கை. விளக்கத்தாளில் இப்படிப்பட்ட வீட்டுச் சலுகை ஒன்றாவது இருந்திருக்கலாம்; முதல் நாள் முக்கால் மணிநேரம் காய் இறங்காமல் உட்கார்ந்திருந்த என் மகள் ஆட்டத்தையே வெறுத்திருப்பாள். நான் அத்தையின் சலுகையைக் கொடுத்த பிறகு, இப்போது தினமும் அவள்தான் துணியை விரிக்கிறாள்.

துணியில் அச்சிட்ட கட்டங்கள் நேர்த்தியானவை, துவைத்தும் சாயம் போகவில்லை. மறுபக்கத்து ஆடுபுலிக் கட்டத்தில் 23 புள்ளிகளும் சரியாக இருக்கின்றன. மூன்று புலி, 15 ஆடு என்று காய்களும் சரி. 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்ற விதியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். கோயில் மண்டபத் தரைகளில் எத்தனையோ ஊர்களில் வெட்டி வைத்திருக்கும் கட்டம் இது. ஆடுகிறவர்கள் அங்கே கிடக்கும் சரளைக்கல்லையும் இலைக்காம்பையும் வைத்து ஆடிவிட்டுப் போனார்கள். இதற்கு மெருகேற்றிய காய் வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

பம்பரத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் பம்பரம் ஆண்பிள்ளைகளின் கைச்சாமான். அண்ணன் தூங்குகிற நேரத்தில் கொல்லைப்புறத்தில் விட்டுப் பார்த்ததைத் தவிர எனக்கு அதிகப் பழக்கம் இல்லை. ஆகவே வார இறுதியில் வீட்டுக்கு வந்த அண்ணனிடமே கொடுத்தேன். அவன் பம்பரத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆணியைப் பார்த்தான், உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான், சாட்டையை இரண்டு விரலால் நீவிப் பார்த்தான். “இது ஆக்கருக்கு ஆவாதுட்டீ. கொலுவுல வேணா வையி” என்று சொல்லிவிட்டான். அப்படிச் சொன்னபிறகும் அரை மணிநேரம் வண்டி நிறுத்துமிடத்தில் அதை விட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அவன் சொன்ன காரணங்கள் இவை. கட்டை லேசான மரம்; கனம் இல்லாத பம்பரம் தரையைத் தொட்டதும் துள்ளும், நின்று சுற்றாது. ஆணி மையத்திலிருந்து ஒரு நூல் விலகியிருக்கிறது, அதனால் சுற்றும்போது தலை ஆடுகிறது. அந்தக் காலத்தில் கடையில் வாங்கிய பம்பரத்தை அப்படியே யாரும் ஆட மாட்டார்கள். கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடித்து, நுனியைத் தரையில் உரசிப் பதப்படுத்திக்கொள்வார்கள். வட்டத்துக்குள் வைத்த பம்பரத்தின்மேல் மற்றவன் பம்பரத்தின் ஆணி இறங்குகிற ஆட்டம் அது. அந்தக் குத்துத் தழும்புதான் ஆக்கர். இந்தப் பெட்டிப் பம்பரத்தின் ஆணியோ மொட்டைத் தலையோடு இருக்கிறது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருந்தால் அது நியாயமே. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நைலான் சாட்டைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. நைலான் கயிறு கட்டையில் பிடிக்காமல் வழுக்குகிறது; ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றின்மேல் ஏறிக்கொள்கிறது. மளிகைக் கடையில் வாங்கிய பருத்திக் கயிற்றைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, நுனியில் சோடா மூடியை நசுக்கி முடிந்து கொடுத்தான் அண்ணன். அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று ஓரளவுக்குச் சுற்றுகிறது.

கோலிக்குண்டில் சொல்ல ஒன்றும் இல்லை. 20இல் ஒன்று விளிம்பு உடைந்து வந்தது, அதைக் குப்பையில் போட்டேன். குழி தோண்ட மண் இல்லாத அடுக்ககத்தில் அவற்றை என்ன செய்வது என்பது விற்றவர்கள் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல.

கடைசியாகப் பிரித்தது கொட்டானை. நியாயமாக அதைத்தான் முதலில் பிரித்திருக்க வேண்டும். குடம், அம்மி, ஆட்டுக்கல், உரல் உலக்கை, திரிகை, அடுப்பு, சட்டி, அகப்பை என்று எல்லாம் கட்டைவிரல் உயரத்துக்கு மேல் போகாத மரச்சாமான்கள். பாபநாசம் சித்திரை விசுத் திருவிழாக் கடைகளிலும் குற்றாலத்துச் சீசன் கடைகளிலும் அப்பா வாங்கிக் கொடுத்த அதே சிவப்பு, அதே மஞ்சள். கடைசல் பட்டறையில் மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்திப் பிடித்தால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மேல் படியும். அப்படிப் படிந்த நிறம் தூரிகையால் பூசிய வண்ணத்தைப் போல் செதில் செதிலாக உரியாது. அடியைத் திருப்பிப் பார்த்தால் கடைந்து அறுத்த இடத்தில் வட்ட வட்டமாக உளித்தடம் தெரியும். இந்தக் கொட்டானில் இருந்த ஒவ்வொன்றிலும் அந்தத் தடம் இருக்கிறது. திரிகையின் மேல்கல் நிஜமாகவே சுழல்கிறது, அதன் குழியில் ஒரு அரிசியைப் போட்டால் ஓரத்தில் வந்து விழுகிறது. இதைக் கடைந்தவர் யாரோ, ஆடுகிற பிள்ளைக்காகவே கடைந்திருக்கிறார் என்று அந்த ஒரு அரிசியிலிருந்தே சொல்லிவிடலாம். எதிர்வீட்டுச் சிறுவன் அந்தத் திரிகையை விட்டு நகரவே மறுத்துவிட்டான். சமையல் சாமானைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த எங்கள் காலத்துத் தவறை அவன் அறியவில்லை.

நனைத்த வெள்ளைத் துணியால் எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தேன். செப்புச் சாமானிலிருந்து நிறம் இறங்கவில்லை. பம்பரத்திலிருந்து பச்சை இறங்கியது. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. கைவினைத் துறை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தப் பெட்டியில் முத்திரையும் இல்லை, யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்ற விவரமும் இல்லை. விலக்கு பெற்ற கைவினைப் பொருள் என்றால் அதைப் பெருமையாக அச்சிட்டிருக்கலாமே. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் சோழி, கோலி, செப்பு அகப்பை மூன்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள், எல்லாம் வாய்க்குள் போகிற அளவு. பெட்டியின்மேல் இந்த எச்சரிக்கையும் இல்லை.

சோழிக் கணக்கையும் பம்பரச் சாயத்தையும் எழுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்காம் நாள் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. அடுத்த வாரம் ஒரு சின்ன உறையில் 14 சோழிகள் வந்தன. பம்பரத்துக்குப் பணம் திருப்பித் தர முடியாது, பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பினால் தரலாம் என்றார்கள். தாயக்கட்டையையும் திரிகையையும் விட்டுக்கொடுக்க மகள் சம்மதிக்கவில்லை.

விலை விஷயத்தில் என் கருத்து: தாயக்கட்டை, துணி, செப்புச் சாமான் ஆகிய மூன்றை மட்டும் தனியாக 1,200 ரூபாய்க்குக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கலாம். பல்லாங்குழியைக் கடையில் கையால் தொட்டு, குழிக்குள் நாலு விரலை விட்டு அள்ளிப் பார்த்த பிறகு வாங்குங்கள். இணையத்தில் அந்தக் குழியின் ஆழம் தெரியாது. தென்காசிப் பக்கமோ அம்பாசமுத்திரம் பக்கமோ போகிறவர்கள் செப்புச் சாமானை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அத்தையிடம் இந்தப் பலகையைத் தொலைபேசிக் காணொளியில் காட்டினேன். “குழி ஆழமில்லையேட்டீ, இதுல எப்படிப் பசு கட்டுவே?” என்றாள். ஆச்சியின் பழைய பலகை பரணில் கிடக்கிறதாம்; அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது இறக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.